கொரோனா வார்டு நர்ஸ் டியூட்டி: அடிக்கடி கேக்குற கேள்விகளும் மறைக்காம சொல்ற பதில்களும்

நர்சிங் படிக்கிற புள்ளைங்க, புதுசா டியூட்டில சேர்ந்தவங்க, கல்யாண வீட்ல பாக்குற சொந்தக்காரங்கன்னு யார் கேட்டாலும் சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் தமிழ்நாட்டுல ஒரு கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். 2020லயும் 2021லயும் கொரோனா வார்டு, ஐசியூ ரெண்டுலயும் இருந்தேன். டாக்டருங்க பார்வைல நிறைய வந்தாச்சு, இது நர்ஸ் நின்ன இடத்துலருந்து பாத்தது.

கொரோனா வந்தப்போ நீங்கல்லாம் ரெடியா இருந்தீங்களா?

பாதி ரெடி. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிச்சது 2020 ஜனவரி 30, தமிழ்நாட்டுல முதல் கேஸ் மார்ச் 7, ஓமன்லருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். நடுவுல அஞ்சு வாரம் கிடைச்சுது. அந்த அஞ்சு வாரத்துல நம்ம பக்கம் வேகமா நடந்த வேலை ஒரு வார்டை காலி பண்ணி ஐசோலேஷன்னு போர்டு மாட்டுனது. அந்த போர்டுக்கு பின்னாடி யார் நிக்கப்போறாங்க, எத்தன பேரு, எத்தன மணி நேரம், அவங்களுக்கு காய்ச்சல் வந்தா அடுத்து யாருன்னு கேள்வி கேட்டது எங்க நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடம் மட்டும்தான், பதில் சொல்ல ஆள் இல்ல.

ஆனா ஒண்ணுமே இல்லாமலும் இல்ல. கை கழுவுறது, ஊசி முனையை எப்படி கையாளுறது, ரத்தம் பட்டா என்ன செய்யணும்னு எச்ஐவி காலத்துலருந்து பழகினது இருந்துச்சு. டிபி வார்டுல வேலை பாத்தவங்களுக்கு என்95 மாஸ்க் தெரியும். 2009ல பன்றிக்காய்ச்சல் பாத்த சீனியர் அக்காங்க இருந்தாங்க. மருந்து வாங்குறதுக்கு 1994லருந்தே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதனால மாவட்டத்துக்கு மாவட்டம் மாத்திரைக்கு அலையுற நிலைமை பெருசா வரல. இல்லாதது ஆளும், பயிற்சியும், உடம்பு முழுக்க மூடுற கவர் ஆல் டிரஸ்ஸும்.

மத்த ஊர்ல முன்னாடியே பாடம் கத்துருந்தாங்களே, அது நமக்கு வரலயா?

பக்கத்து கேரளாவையே எடுத்துக்கோங்க. 2018 மே மாசம் கோழிக்கோடு பக்கம் நிபா வந்தப்போ பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, நோயாளியை பாத்துக்கிட்டதுல தொற்று வந்து இறந்துட்டாங்க. அவங்க பாத்துக்கிட்டப்போ அது நிபான்னு யாருக்கும் தெரியாது, சாதாரண காய்ச்சல் நோயாளியை பாக்குற மாதிரிதான் பாத்தாங்க. நோய் என்னன்னு பேர் வெக்குறதுக்கு முன்னாடியே முதல்ல தொடுறது நர்ஸ்தான்.

இதையே 2003ல கனடா டொரொண்டோல சார்ஸ் வந்தப்போ பாத்தாங்க, அங்க ரெண்டு நர்ஸ் இறந்தாங்க. அப்புறம் நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையில ஒரு கமிஷன் போட்டு விசாரிச்சாங்க. அது சொன்ன முக்கியமான விஷயம், அறிவியல் முழுசா நிரூபிக்கிற வரைக்கும் ஊழியர் பாதுகாப்பை தள்ளிப்போடாதீங்க, சந்தேகம் இருந்தாலே பாதுகாப்பு கூட குடுங்கன்னு. ஆனா 2020 ஆரம்பத்துல நிறைய இடத்துல "இது காத்துல பரவாது, சாதா மாஸ்க் போதும்"னு நர்ஸ்கிட்ட சொன்னாங்க. பாடம் இருந்துச்சு, புக்குல இருந்துச்சு.

பிபிஇ கிட் (கவர் ஆல், மாஸ்க், கண்ணாடி, க்ளவுஸ் எல்லாம் சேந்த பாதுகாப்பு உடை) போட்டுட்டு வேலை பாக்குறது எப்படி இருக்கும்?

மே மாச வெயில்ல ரெயின்கோட்டை போட்டுட்டு அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி. காத்து சுத்தி பரவும்னு நிறைய வார்டுல ஏசியை ஆஃப் பண்ணிட்டாங்க. போட்டு பத்து நிமிஷத்துல முதுகுல தண்ணி ஓடும், ஷூ கவருக்குள்ள சாக்ஸ் நனைஞ்சு சொதசொதன்னு இருக்கும். காகிள்ஸ் உள்ள ஆவி படிஞ்சு எதுவும் தெரியாது, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு தடவி துடைச்சா கொஞ்ச நேரம் தாங்கும்னு யாரோ சொல்லி எல்லாரும் அதையே பண்ணோம். ரெண்டு க்ளவுஸ் போட்டுக்கிட்டு வெயின் தேடுறது இருக்கே, அதான் நிஜமான கஷ்டம். வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த வெயின்ல போடுற குழாய்) போடுறதுல கை பழகினவங்ககூட தடுமாறினாங்க, ஏன்னா நாம வெயினை கண்ணால பாக்குறதவிட விரலால தேடுறவங்க.

மூக்கு மேல என்95 அழுத்தி புண்ணாகும், மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒட்டிட்டு அதுக்கு மேல மாஸ்க் போடுவாங்க சில பேரு, அப்படி போட்டா சைடுல காத்து கசியுதான்னு பாத்தே ஆகணும், இல்லன்னா மாஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்ல. நாம பேசுறது நோயாளிக்கு கேக்காது, அவங்க பேசுறது நமக்கு கேக்காது, காது கேக்காத தாத்தா பாட்டிங்கன்னா கேக்கவே வேணாம். யார் யாருன்னு தெரியாம முதுகுல மார்க்கர்ல பேர் எழுதிக்கிட்டோம். நோயாளிங்க எங்களை குரலை வெச்சுதான் அடையாளம் கண்டாங்க. டிஸ்சார்ஜ் ஆகி போனவரு அப்புறம் ஒரு நாள் ஓபில பாத்தா என்னை தெரியாது, பேசினதும் "அம்மா நீங்களா"ன்னு கையெடுத்து கும்பிட்டாரு.

கிட் தரம் பத்தியும் சொல்லணும். ஆரம்பத்துல வந்ததுல சிலது குனிஞ்சாலே தையல் பிரிஞ்சுது. கொரோனாவுக்கு முன்னாடி நம்ம நாட்ல இந்த கவர் ஆல் தயாரிப்பே கிட்டத்தட்ட இல்ல, அப்புறம் ரெண்டு மாசத்துல ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல தைக்கிற நிலைக்கு வந்தாங்க, திருப்பூர்ல பனியன் தைச்ச கம்பெனிங்களும் இதுக்கு மாறுச்சு. கோயம்புத்தூர் சிட்ரா துணி ஆராய்ச்சி லேப்ல செயற்கை ரத்தத்தை அழுத்தி ஊத்தி துணி வழியா கசியுதான்னு டெஸ்ட் பண்ணாங்க. அதுக்கு அப்புறம் தையல் மேல டேப் ஒட்டின கிட் வந்துச்சு, அப்பதான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

பாத்ரூம்? பீரியட்ஸ்?

இதை ஆம்பளைங்க யாரும் கேக்க மாட்டாங்க, பொம்பளப் புள்ளைங்க தனியா வந்து மெதுவா கேக்கும், அதனால நேராவே சொல்றேன். ஆறு மணி நேரம் டியூட்டின்னா போடுறதுக்கு முன்னாடி, கழட்டுனதுக்கு அப்புறம் சேத்து ஏழு ஏழரை மணி நேரம் பாத்ரூம் போக முடியாது. கிட்டை கழட்டினா அது வேஸ்ட், இன்னொண்ணு கேட்டா ஸ்டோர்ல மூஞ்சி காட்டுவாங்க. அதனால எல்லாரும் தண்ணி குடிக்கிறதை நிறுத்தினோம், யூரின் இன்ஃபெக்ஷன் வந்தவங்க நிறைய. பீரியட்ஸ் நாள்ல டயப்பர் போட்டவங்க இருக்காங்க, ரெண்டு பேட் வெச்சவங்க இருக்காங்க. நர்சுங்கள்ல பெரும்பாலானவங்க பொம்பளைங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ரோஸ்டர் போடுறப்போ அது ஞாபகம் வந்த மாதிரி தெரியல. நாலு மணி நேர ஷிஃப்ட் போட்டிருந்தா பாதி பிரச்சனை தீர்ந்திருக்கும், அதுக்கு ஆள் வேணும், ஆள்தான் இல்லையே.

கிட் போடுறதுல ரிஸ்க்கா, கழட்டுறதுலயா?

கழட்டுறதுலதான். ஏன்னா அப்ப வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு, நாம டயர்டு, வீட்டுக்கு ஓடணும்னு அவசரம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வரிசை கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை ஒண்ணுதான். ரொம்ப அழுக்கானது முதல்ல போகணும், அதாவது வெளி க்ளவுஸ், அப்புறம் கவர் ஆலை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டிட்டே இறக்கணும், கண்ணாடியை பின்னாடி ஸ்ட்ராப்பை புடிச்சு எடுக்கணும், என்95 கடைசி, அதுவும் வார்டை விட்டு வெளிய வந்தப்புறம். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நடுவுல கைக்கு சானிடைசர். எதிர்ல ஒருத்தர் நின்னு "சிஸ்டர், கையை மூஞ்சிக்கிட்ட கொண்டு போகாதீங்க"ன்னு சொல்லிட்டே இருக்கணும். அந்த ஒரு ஆளை நிறுத்துனா போதும், தப்பு பாதியா குறையும். ஆள் பத்தலன்னு முதல்ல எடுக்கப்படுறதும் அதே ஆள்தான்.

வார்டுல நர்ஸ் உண்மையில என்ன பண்ணாங்க? ட்ரீட்மெண்ட் டாக்டர்தானே?

ட்ரீட்மெண்ட் எழுதுறது டாக்டர். அதை நடத்துறது நாங்க. ஊசி, மாத்திரை, ட்ரிப்ஸ், சுகர் பாக்குறது (ஸ்டீராய்டு போட்டதால எல்லாருக்கும் சுகர் எகிறிச்சு), சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) குறிக்கிறது எல்லாம் எப்பவும் உள்ளது. புதுசா வந்தது, அட்டெண்டர் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னதுல சொந்தக்காரங்க செய்யுற அத்தனை வேலையும் எங்க தலைல விழுந்துச்சு. சாப்பாடு ஊட்டுறது, பெட்பேன் வெக்குறது, போன் சார்ஜ் போட்டு குடுக்குறது, பல் செட்டை தேடி குடுக்குறது, வீட்லருந்து வந்த ஃப்ளாஸ்க் யாருதுன்னு கண்டுபுடிக்கிறது. தூய்மைப் பணியாளர் அக்காங்களும் எங்களோட சேந்து இதை பண்ணாங்க, அவங்கள பத்தி யாரும் பேசல.

குப்புற படுக்க வைக்கிறது தனி வேலை. முழிச்சிருக்கிற நோயாளின்னா கெஞ்சணும், தொப்பை உள்ளவங்க ரெண்டு நிமிஷத்துல திரும்பிடுவாங்க, திரும்பவும் போய் தலையணை வெச்சு சொல்லணும், சாச்சுரேஷன் 86லருந்து 92க்கு ஏறுறதை மானிட்டர்ல காட்டினா சில பேர் நம்பி படுப்பாங்க. வென்டிலேட்டர்ல இருக்குறவங்கள திருப்ப அஞ்சாறு பேரு வேணும், டியூப் உருவிடாம ஒருத்தர் தலைப்பக்கம் புடிச்சிக்கணும்.

ஆக்சிஜன் பிரச்சனையை நர்ஸ் எப்படி சமாளிச்சாங்க?

கணக்கு போட்டு. பெரிய டி டைப் சிலிண்டர்ல சுமார் 7,000 லிட்டர் இருக்கும். பை வெச்ச மாஸ்க்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடினா எட்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா வரும். அதே சிலிண்டர்லருந்து 60 லிட்டர் இழுத்தா ரெண்டு மணி நேரம்கூட தாங்காது. சின்ன பி டைப்ல சுமார் 1,500 லிட்டர், 15 லிட்டர் ஓட்டினா ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குள்ள காலி, ஸ்கேன் எடுக்க கூட்டிட்டு போற இடத்துல லிஃப்ட் நின்னுச்சுன்னா கதை முடிஞ்சுது. இந்த கணக்கை பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணவங்கதான் நாங்க எல்லாரும், 2021 மே மாசம்தான் தூக்கத்துலயும் அது ஓடிச்சு. பைப்லைன் இருந்த ஆஸ்பத்திரிலயும் எல்லா பெட்டும் ஒரே நேரத்துல அதிகமா இழுத்தா கடைசி பெட்ல பிரஷர் இறங்கும். நைட்ல ஒரு சத்தம் மாறினாலே எழுந்து மீட்டரை பாக்க ஓடுவோம்.

அந்த மே மாசம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ஒரே ராத்திரில 13 பேர் இறந்த செய்தி வந்துச்சு. ஆக்சிஜன் குறைஞ்சதாலதான்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, பற்றாக்குறை இல்லன்னு அதிகாரிங்க சொன்னாங்க. அந்த செய்தியை டியூட்டி ரூம்ல படிச்ச எங்க யாருக்கும் அன்னைக்கு சோறு இறங்கல, அந்த வார்டுல நின்ன நர்ஸ் யாரோன்னுதான் மனசு போச்சு.

முதல் அலை, ரெண்டாவது அலை, எது மோசம்?

இதுல யோசிக்கவே வேணாம், ரெண்டாவது. முதல் அலைல தமிழ்நாட்டுல ஒரு நாள் கேஸ் அதிகபட்சம் ஏழாயிரத்துக்குள்ளயே நின்னுச்சு. 2021 மே 21ல அது 36,184. முதல் அலைல பயம் ஜாஸ்தி, கூட்டம் கம்மி. ரெண்டாவதுல தடுப்பூசி போட்டிருந்ததால எங்களுக்கு பயம் கம்மி (2021 ஜனவரி 16லருந்து சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல்ல போட்டாங்க), ஆனா சென்னை ஜிஹெச் வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்ன படம் ஊரே பாத்துச்சே, அதே மாதிரி மாவட்டத்துலயும் நின்னுச்சு. பெட் இல்லாம ஆம்புலன்ஸ்க்குள்ளயே ஆக்சிஜன் குடுத்தோம். முதல் அலைல வயசானவங்க, ரெண்டாவதுல முப்பது வயசு, நாப்பது வயசு, மாசமா இருக்குற பொண்ணுங்க.

ஒரு நர்ஸ்க்கு எத்தன நோயாளி?

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா பொது வார்டுல மூணு பேருக்கு ஒரு நர்ஸ், சாதாரண ஆஸ்பத்திரின்னா அஞ்சு பேருக்கு ஒருத்தர், ஐசியூல ஒருத்தருக்கு ஒருத்தர். இதை படிச்சிட்டு எந்த சீனியர்கிட்டயாவது கேட்டு பாருங்க, சிரிப்பாங்க. கொரோனாவுக்கு முன்னாடியே நைட் டியூட்டில முப்பது நாப்பது பெட்டுக்கு ஒரு நர்ஸ்னு ஓட்டுனது சகஜம். கொரோனால திடீர்னு பெட்டை கூட்டினாங்க, கட்டிலை தயார் பண்ண ஒரு வாரம் போதும், ஐசியூ நர்ஸை தயார் பண்ண மாசக்கணக்கு ஆகும். தோல் வார்டு, கண் வார்டுலருந்து வந்தவங்கள வென்டிலேட்டர் முன்னாடி நிறுத்தினோம், பாவம் அவங்க என்ன செய்வாங்க, அலாரம் அடிச்சா யாரையாவது கூப்புட்டு ஓடி வந்தாங்க.

பயிற்சி குடுத்தாங்களா?

குடுத்தாங்க, பவர்பாயிண்ட் போட்டாங்க. மத்திய அரசு தீக்‌ஷா தளத்துல ஆன்லைன் கோர்ஸ் வெச்சாங்க, சர்டிபிகேட் வரும். மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா கிட்டை போட்டு கழட்டி காட்டாத பயிற்சி பயிற்சியே இல்ல. நாங்க உருப்படியா கத்துக்கிட்டது முதல் வாரம் வார்டுக்கு போய்ட்டு வந்த அக்காங்க ராத்திரி வாட்சப்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ்லருந்து. "ஐவி ஸ்டாண்டை கதவுப்பக்கம் வெக்காத, கவர் ஆல் மாட்டி கிழியும்" மாதிரி விஷயம் எந்த ஸ்லைடுல வரும்?

டியூட்டிக்கு வர மாட்டேன்னு யாராவது சொன்னாங்களா?

சொன்னாங்க, சில பேர். கைக்குழந்தை உள்ளவங்க, கேன்சர் ட்ரீட்மெண்ட்ல இருந்தவங்க, வயசானவங்க லீவ் கேட்டாங்க, கேக்குறதுல என்ன தப்பு? 2020 மே மாசம் கொல்கத்தா தனியார் ஆஸ்பத்திரிங்கள்லருந்து மணிப்பூர் உள்ளிட்ட வெளிமாநில நர்சுங்க நூத்துக்கணக்குல வேலையை விட்டுட்டு ஊருக்கு போனாங்க. அப்ப அவங்கள திட்டுனவங்க நிறைய, நான் திட்டல. சரியான பாதுகாப்பு இல்ல, குடியிருக்குற இடத்துல ஒதுக்குறாங்க, சம்பளம் பத்தல, இதுக்கு மேல ஒரு பொண்ணு தெரியாத ஊர்ல எதுக்கு இருக்கணும்?

வீட்ல, தெருவுல எப்படி நடத்துனாங்க?

ரெண்டு விதமும் நடந்துச்சு. காய்கறி வாங்கி வாசல்ல வெச்சிட்டு போன பக்கத்து வீட்டு அண்ணனும் உண்டு, "கொஞ்ச நாள் வேற வீடு பாத்துக்கோம்மா"ன்னு சொன்ன ஹவுஸ் ஓனரும் உண்டு. ஆரம்பத்துல டியூட்டி முடிஞ்சா ஓட்டல்ல குவாரண்டைன்ல தங்க வெச்சாங்க, அது ஒரு விதத்துல நிம்மதி, வீட்டுக்கு கொண்டு போக மாட்டோம்னு. 2020 மே 15 மத்திய சுகாதார அமைச்சகம், பாதுகாப்பு உடைல ஓட்டை விழுந்தாலோ பெரிய ரிஸ்க் இருந்தாலோதான் குவாரண்டைன், மத்தவங்களுக்கு தேவை இல்லன்னு சொல்லிடுச்சு. அன்னைலருந்து வீட்டு பாத்ரூம்தான் எங்க டாஃபிங் ரூம், அதான் டியூட்டி டிரஸ்ஸை கழட்டுற இடம். புள்ளைய அம்மா வீட்ல விட்டுட்டு வீடியோ கால்ல பாத்தவங்கதான் பாதி பேரு, திரும்ப வந்தப்போ புள்ள பாட்டிகிட்டயே ஒட்டிக்கிச்சு.

2020 ஏப்ரல்ல சென்னைல கொரோனால இறந்த டாக்டர் சைமன் உடலை அடக்கம் பண்ண விடாம கல்லால அடிச்சாங்களே, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே மாசம் 22ஆம் தேதி மத்திய அரசு அவசர சட்டம் கொண்டு வந்துச்சு, சுகாதாரப் பணியாளரை தாக்கினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், பலத்த காயம்னா ஏழு வருஷம் வரைக்கும். சட்டம் நல்ல சட்டம்தான், ஹவுஸ் ஓனர் வீட்டை காலி பண்ண சொல்றதுக்கு போய் போலீஸ் ஸ்டேஷன் ஏறுற தெம்பு டியூட்டி முடிச்சு வந்தவளுக்கு இருக்குமா என்ன.

இறந்தவங்கள பத்தி...

இதை எப்படி கேக்கணும்னு தெரியாம பாதில நிறுத்திடுவாங்க எல்லாரும். நடந்தது என்னன்னா, கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தது நர்ஸ். நோயாளியோட போன்லயோ எங்க போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டோ வீடியோ கால் போட்டு குடுத்தோம். பொண்ணு அந்தப் பக்கம் "அப்பா"ன்னு கத்தும், அவரு மாஸ்க்குக்குள்ள ஏதோ சொல்வாரு, என்ன சொன்னாருன்னு அந்தப் பொண்ணு எங்கள கேக்கும், கேக்கலன்னு எப்படி சொல்றது, "உன்னை தைரியமா இருக்க சொல்றாருமா"ன்னு சொல்லியிருக்கோம். பொய்யான்னு கேட்டா ஆமா. அதை பத்தி எனக்கு வருத்தம் இல்ல.

உடம்பை துடைச்சு, டியூபை எடுத்து, பைல போட்டு ஜிப் இழுக்கணும். நெத்தில திருநீறு வெக்க சொல்லி ஒரு அம்மா போன்ல கேட்டாங்க, வார்டுல திருநீறுக்கு எங்க போறது, ஒரு சிஸ்டர் தன்னோட பர்ஸ்ல இருந்த பொட்டலத்தை வெளிலருந்து எடுத்துட்டு வர சொல்லி வெச்சுது, அது கிறிஸ்டியன் பொண்ணு, பக்கத்து வீட்டு பாட்டி பத்திரமா போயிட்டு வான்னு குடுத்து அனுப்பினதாம்.

நர்சுங்க எத்தன பேர் இறந்தாங்க?

சரியான கணக்கு எந்த நாட்லயும் முழுசா எடுக்கல, அதுவே ஒரு கதை சொல்லுது. 2020 அக்டோபர் கடைசில சர்வதேச செவிலியர் கவுன்சில் 44 நாடுங்கள்ல 1,500 நர்சுங்க இறந்திருக்காங்கன்னு சொன்னாங்க, அது குறைச்சலான கணக்குன்னு அவங்களே சொன்னாங்க. 2020 ஜனவரிலருந்து 2021 மே வரைக்கும் உலகம் முழுக்க எல்லா வகை சுகாதாரப் பணியாளரும் சேத்து 80,000லருந்து 1,80,000 வரைக்கும் இறந்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுச்சு. நம்ம நாட்ல கொரோனா பணில இறந்தா குடும்பத்துக்கு 50 லட்சம் காப்பீடுன்னு 2020 மார்ச் கடைசில மத்திய அரசு அறிவிச்சுது, ஒப்பந்த ஊழியரும் அதுல வருவாங்க. ஆனா அந்தத் தொற்று டியூட்டிலதான் வந்துச்சுன்னு பேப்பர் சேக்குற வேலை துக்கத்துல இருக்குற வீட்டுக்காரங்க தலைல.

கை தட்டுனது, பூ தூவுனது பத்தி என்ன நினைக்கிறீங்க?

மார்ச் 22 கை தட்டுனாங்க, ஏப்ரல் 5 விளக்கு ஏத்துனாங்க, மே 3 ஹெலிகாப்டர்லருந்து ஆஸ்பத்திரிங்க மேல பூ தூவுனாங்க. சந்தோஷம்தான். பூவை கூட்டுனது எங்க தூய்மைப் பணியாளர் அக்கா.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கபசுர குடிநீர்லாம் எடுத்தீங்களா?

மாத்திரையை நர்சுங்களும் போட்டுக்கலாம்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் 2020 மார்ச்ல சொன்னதால போட்டோம், வயித்த பொரட்டுச்சு, அப்புறம் அதால தடுப்பு கிடைக்கலன்னு ஆய்வுங்க வந்துச்சு. கபசுரம் டியூட்டி ரூம்ல பெரிய பாத்திரத்துல வெச்சிருப்பாங்க, கசப்புக்கே தூக்கம் போயிடும்.

கொரோனாவுக்காக எடுத்த ஒப்பந்த நர்சுங்க என்ன ஆனாங்க?

இந்தப் பக்கத்தை எழுதினதுக்கு பெரிய காரணமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் பின்னாடிலருந்து சொல்றேன். 2015லருந்து தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதான் எம்ஆர்பி, பரிட்சை வெச்சு நர்சுங்கள எடுக்குது. எடுக்குறது தொகுப்பூதியத்துல, அதாவது ஸ்கேல் இல்லாம மாசம் ஒரே தொகை, ஆரம்பத்துல மாசம் 7,700 ரூபாய், அப்புறம் போராடி போராடி 14,000 ஆச்சு. பக்கத்துல அதே வேலை பாக்குற பெர்மனெண்ட் அக்காவுக்கு அதுபோல பல மடங்கு. 2017 நவம்பர்ல சென்னை தேனாம்பேட்டைல மருத்துவத் துறை அலுவலகம் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல இவங்க உக்காந்து போராடுனது ஞாபகம் இருக்கலாம்.

2020ல கொரோனா வந்ததும் ஆயிரக்கணக்குல நர்சுங்கள அவசரமா எடுத்தாங்க, ஆறு மாசம்னு சொல்லி, அப்புறம் நீட்டிச்சு நீட்டிச்சு. ஆர்டர் வந்த சில நாள்ல பெட்டியை தூக்கிட்டு தெரியாத மாவட்டத்துக்கு வந்து நேரா கொரோனா வார்டுல நின்ன பொண்ணுங்க. பஸ் ஓடல, தங்க இடம் இல்ல, சாப்பாடு கடை இல்ல. முதல் மாசம் எங்க பின்னாடி நின்னு பாத்தாங்க, ரெண்டாவது அலைல அவங்கதான் புதுசா வந்தவங்களுக்கு எச்எஃப்என்சி (மூக்கு வழியா வேகமா ஆக்சிஜன் குடுக்குற மெஷின்) செட் பண்ண சொல்லி குடுத்தாங்க. அவ்ளோ வேகமா தேறுனாங்க.

2022 டிசம்பர் 31ஓட அவங்கள்ல 2,400 பேருக்கு மேல பணி நீட்டிப்பு இல்லன்னு சொல்லியாச்சு. நியமனத்துல இனச்சுழற்சி முறை, அதான் இடஒதுக்கீட்டு வரிசை, கடைப்பிடிக்கலன்னு அரசுத் தரப்புல காரணம் சொன்னாங்க, மாற்று வேலை தர்றோம்னும் சொன்னாங்க, அதுவும் தொகுப்பூதியம்தான். 2023 புத்தாண்டை அவங்க போராட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க. விதிமுறை விஷயத்துல யார் சொல்றது சரின்னு கோர்ட்டும் வக்கீலும் பாத்துக்கட்டும். என் கேள்வி வேற. ஒரு பெருந்தொற்றை நேர்ல பாத்து, ரெண்டாவது அலைல, அதான் டெல்டா வகை வைரஸ் அலைல, கை பழகின இத்தன பேரை திரும்ப உருவாக்கணும்னா இன்னொரு டெல்டா வரணும். ஆக்சிஜன் பிளாண்ட்டை கட்டி வெச்சோம், அது நிக்குது. வென்டிலேட்டரை உறை போட்டு வெச்சோம், அதுவும் நிக்குது. அதை ஓட்டத் தெரிஞ்ச கையை மட்டும் வீட்டுக்கு அனுப்பிட்டோம். அதுல சில பேரு இன்னைக்கு தனியார் கிளினிக்ல, சில பேரு வளைகுடால, ஒரு பொண்ணு ஊர்ல துணிக்கடைல பில் போடுது, போன் பண்ணா சிரிச்சு பேசும், வார்டு பேச்சை எடுத்தா மாத்திடும்.

ஊக்கத்தொகை வந்துச்சா?

2021ல ஏப்ரல் மே ஜூன் மூணு மாசத்துக்கு சேத்து டாக்டருக்கு 30,000, நர்ஸ்க்கு 20,000, மத்தவங்களுக்கு 15,000னு மாநில அரசு அறிவிச்சுது. எனக்கு வந்துச்சு. வராதவங்க லிஸ்ட்ல பேர் விட்டுப்போச்சுன்னு அலைஞ்சாங்க.

தனியார் ஆஸ்பத்திரி நர்சுங்க நிலைமை?

எங்கள விட மோசம்னுதான் சொல்லுவேன். கூட்டம் இல்லாத மாசத்துல சம்பளத்தை குறைச்ச இடம் உண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டை புடிச்சு வெச்சிக்கிட்டு விட மாட்டேன்னு சொன்ன இடம் உண்டு. எல்லா இடமும் அப்படி இல்ல, நல்லா பாத்துக்கிட்டதும் இருக்கு.

கிராம சுகாதார செவிலியர்களையும் இதுல சேக்கலாமா?

கண்டிப்பா. வார்டுக்கு வராததால அவங்க கஷ்டம் டிவில வரல. வீடு வீடா காய்ச்சல் கேட்டு போனது, ஊருக்கு திரும்பி வந்தவங்க லிஸ்ட் எடுத்தது, அப்புறம் தடுப்பூசி கேரியரை தூக்கிட்டு வயக்காட்டுக்கும் நூறு நாள் வேலை நடக்குற இடத்துக்கும் போய் போட்டது அவங்கதான். ஊசி வேணாம்னு கதவை சாத்துன பாட்டியை திண்ணைல உக்காந்து பேசி மனசை மாத்துற திறமை எனக்கு இல்ல.

மனசுக்கு எதுவும் ஆகலயா?

ஆச்சு. மானிட்டர் அலாரம் மாதிரி ஒரு சத்தம் பேங்க்ல கேட்டாலும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், ரொம்ப நாள் இருந்துச்சு. நிறைய பேருக்கு தூக்கம் போச்சு, சில பேருக்கு கோவம், அதுவரைக்கும் குரலே ஒசத்தாதவங்க புருஷன்மேலயும் புள்ளைங்கமேலயும் கத்துனாங்க. யாருக்கு வென்டிலேட்டர் வெக்குறதுன்னு முடிவு டாக்டர் எடுத்தாலும், கிடைக்காதவரு பக்கத்துல நின்னது நாங்க. அதுக்கு கவுன்சலிங் நம்பர்னு ஒரு பேப்பர் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. நைட் டியூட்டி முடிச்சவ கவுன்சலிங்க்கு போன் பண்ணுவாளா தூங்குவாளா? உதவுனது என்னன்னா ஒரு ஹெட் நர்ஸ் டியூட்டி முடிஞ்சதும் பத்து நிமிஷம் எல்லாரையும் டீ குடிக்க உக்கார வெப்பாங்க, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பேசிட்டுதான் கலையணும். அழுறவங்க அழலாம், யாரும் அட்வைஸ் பண்ணக்கூடாது. காசு செலவே இல்ல, ரோஸ்டர்ல பத்து நிமிஷம் விட்டா போதும்.

அடுத்து ஒண்ணு வந்தா இப்ப ரெடியா?

பொருள்ல 2020ஐ விட ரெடி. கிட் உள்ளூர்லயே தைக்க தெரியும், ஆக்சிஜன் டேங்க் இருக்கு, லேப் இருக்கு. 2025 மே மாசம் உலக நாடுங்க பெருந்தொற்று ஒப்பந்தம் ஒண்ணை ஏத்துக்கிட்டாங்க, அதுல சுகாதாரப் பணியாளர் பாதுகாப்பும் இருக்கு, நல்லது. ஆள்ல ரெடி இல்ல. உலகத்துல 59 லட்சம் நர்ஸ் பத்தலன்னு உலக சுகாதார நிறுவனம் 2020லயே சொல்லிச்சு, நம்ம புள்ளைங்க படிச்சிட்டு ஏன் வெளிநாடு போறாங்கன்னு கேட்டா மேல சொன்ன தொகுப்பூதியம்தான் பதில்.

மாக் ட்ரில் நடக்குது, போட்டோ எடுக்குறாங்க. ட்ரில்ல எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சோதிக்கப்படுறது சிலிண்டரும் வால்வும். ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு நர்ஸ்க்கு காய்ச்சல் வந்தா மாத்து ஆள் யாருன்னு ஒரு ட்ரில் போட்டு பாக்கட்டும்.

நர்சிங் படிக்கிறேன், இப்பவே நான் என்ன கத்துக்கணும்?

பிபிஇ போட்டு கழட்டுறதை எதிர்ல ஒருத்தியை நிறுத்தி பழகு, வேகமா வேணாம், வரிசையா. என்95 போட்டதும் ரெண்டு கையாலயும் மூடி ஊதி பாரு, ஓரத்துல காத்து கசிஞ்சா உனக்கு அந்த சைஸ் இல்ல, வேற மாடல் கேளு, குடுத்ததை வாங்கிக்காத. ஆக்சிஜன் கணக்கை மேல எழுதியிருக்கேன், பேப்பர் இல்லாம போட பழகு. ஐசியூ போஸ்டிங் வந்தா ஓரமா நிக்காம வென்டிலேட்டர் அலாரம் ஒவ்வொண்ணும் எதுக்கு அடிக்குதுன்னு சிஸ்டர்கிட்ட கேட்டு நோட்டுல எழுதி வெச்சுக்கோ. சக்‌ஷன் போட்டு சளியை உறிஞ்சி எடுக்குறதை வெக்கப்படாம பண்ணி பாரு. வேலைல சேரும்போது ஆர்டர்ல தொகுப்பூதியமா, இல்ல பெர்மனெண்ட் ஆளுங்களுக்கு உள்ள காலமுறை ஊதியமா, எத்தன மாசம், நீட்டிப்பு உண்டான்னு படிச்சிட்டு கையெழுத்து போடு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் காட்டு, ஜெராக்ஸ் குடு, ஒரிஜினலை குடுக்காத.